அழுத்தக்காரி பூத்த வருஷம்

பாசியக்காவை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தாவரவியல் பூங்காவுக்கு வருகிறவர்கள் அல்லிக்குளத்தைப் பார்ப்பார்கள், புல்வெளியில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், ஓடுகிற பிள்ளைகளைத் துரத்திப் பிடிப்பார்கள், போய்விடுவார்கள். பின்பக்கச் சுவரை ஒட்டி, அனுமதி இல்லை என்று பலகை மாட்டிய ஒரு கண்ணாடி வீடு இருக்கிறது. ஆர்க்கிட் சேகரிப்பு அதற்குள்தான். கதவைத் திறந்ததும் ஈரக்காற்று முகத்தில் அடிக்கும். நனைந்த மரப்பட்டை வாசனை வரும். உடனே உள்ளேயிருந்து, "கதவைச் சாத்துங்க" என்று ஒரு குரல் வரும். வந்தது யார் எவர் என்றெல்லாம் அந்தக் குரல் பார்க்காது. பூங்காவின் கண்காணிப்பாளரே வந்தாலும் முதல் மரியாதை அதுதான்.

வேர்களைச் சுற்றிப் பாசி வைத்துக் கட்டிக் கட்டி அவள் நகக்கண்ணில் எப்போதும் பச்சை. அதனால் பாசியக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே கொஞ்சம் யோசித்துத்தான் திரும்புவாள்.

அவள் பூங்காவுக்குக் களை பிடுங்க வந்தவள். அம்மா சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையானார். தம்பி அப்போது பள்ளிக்கூடத்தில். பெண் பார்க்க நாலு பேர் வரத்தான் வந்தார்கள். வந்தவர்கள் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார்கள், கொடுத்த தண்ணீரைக் குடித்தார்கள், எழுந்து போனார்கள். அப்பா காலமாகி, தம்பியைப் படிக்கவைத்து, அவனுக்கு ஒரு கல்யாணத்தைச் செய்துவைத்து, அப்பாடா என்று நிமிர்ந்தபோது, கேட்க ஆளில்லாத வயது வந்திருந்தது. இதைத் தியாகம் கியாகம் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்ற அப்பாவுக்குச் சோறு ஊட்டுவதற்கெல்லாம் ஒரு பெயரா என்பாள்.

கண்ணாடி வீட்டுக்கு அவள் போனதே தண்டனையாகத்தான். நாள் முழுக்க ஈரத்தில் நின்றால் கால் விரலிடுக்கில் புண் வரும், இருமல் வரும். யாரும் அங்கே ஒரு மாதம் தாங்கமாட்டார்கள். தலைமைத் தோட்டக்காரரிடம் ஒருநாள் எதிர்த்துப் பேசினாள். அவர் கடுப்பாகி, போ, போய் அந்தக் குளியலறையில் கிட என்று அனுப்பினார். போனவள் போனவள்தான். ஒவ்வொரு செடிக்கும் ஒரு குணம் என்பது அவளுக்குப் பிடித்துப் போயிற்று. ஒன்றுக்கு மரச்சட்டக் கூடை வேண்டும். இன்னொன்றுக்கு மண்ணே ஆகாது; ஒரு மரப்பட்டையில் கட்டித் தொங்கவிட்டால் காற்றையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு பிழைத்துக்கொள்ளும். காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறத்தில் இருக்கிற வேர், தண்ணீர் பட்டதும் பார்க்கப் பார்க்கப் பச்சையாகும். தினமும் காலையில் குழாயைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்ப்பதில் அவளுக்குச் சலிப்பு வந்ததே இல்லை.

இனி படக்காரர் கதைக்கு வருகிறேன். அவர் பக்கத்து ஊரில் ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து வெகுகாலம் ஆகிறது, மகள் கல்யாணமாகித் தொலைதூரம் போய்விட்டாள். சேகரிப்பில் இருக்கிற செடி எதுவானாலும், அது பூத்து, அதற்கு முன்னால் படம் வரையப்படாததாக இருந்தால், அவரைக் கூப்பிடுவது பூங்காவின் வழக்கம். ஆர்க்கிட்டைப் பூவை வைத்துத்தான் இன்னது என்று சொல்ல முடியும். அந்தப் பூவின் உதடு என்கிற கீழிதழில் இருக்கிற மடிப்பையும் மயிரையும் ஆராய்ச்சிக்குத் தகுந்தபடி காட்டக் கை ஓவியம் வேண்டும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. அவர் காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, செடிக்கு எதிரே உட்காருவார். ஒரு பூவைக் கிள்ளி, இதழ் இதழாகப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்து அளந்து வரைவார். மூன்று நான்கு நாள் ஆகும். கடைசி நாள் நாலு மணி பஸ்ஸில் போய்விடுவார்.

கூப்பிடுகிற வேலை அலுவலகத்தினுடையது. அலுவலகத்தில் இருந்த எழுத்தருக்குச் சோம்பேறித்தனம். நீயே ஒரு போன் அடித்துவிடேன் என்று அக்காவின் தலையில் கட்டிவிட்டார். அந்தப் புண்ணியவானுக்கு அவள் மனசுக்குள் எத்தனை நன்றி சொல்லியிருப்பாள் என்று அவருக்கே தெரியாது. "சார், பூத்திருக்கு" என்பாள் இவள். எது என்று கேட்பார் அவர். சொல்வாள். "வர்றேன்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. பத்து வருஷத்துக்கு மேல் இவ்வளவுதான்.

அக்காவுக்கு அவர்மேல் ஆசை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஐம்பதை நெருங்குகிறவளுக்கு என்ன ஆசை என்று நீங்கள் கேட்டால், கேட்டுவிட்டுப் போங்கள். ஒருதடவை செடி கட்டுகிற கம்பி கிழித்து அவள் உள்ளங்கையில் காயம். படம் வரைந்துகொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, கைக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். அவள் கையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. காயம் ஆறி வடுவும் மறைந்த பிறகும் அந்தக் கேள்வியை அவள் வைத்துக்கொண்டிருந்தாள். நிழல்வலையை இழுத்துவிடச் சொல்லி அவர் கேட்டால் இழுத்துவிடுவாள். அவருக்கு வெளிச்சம் படுகிற மாதிரி கூடையைத் திருப்பி வைப்பாள். பக்கத்து வரிசையில் தேவையே இல்லாமல் ஏற்கெனவே துடைத்த இலையை மறுபடி துடைப்பாள். அவரும் பேசமாட்டார். போகும்போது தலையசைப்பார். அவர் போன பிறகு அந்த மரப்பெட்டியை நிமிர்த்தி வைக்க அவளுக்கு ரெண்டு நாள் ஆகும்.

அக்கா தம்பி வீட்டில்தான் இருந்தாள். தம்பி பெண்டாட்டிக்குக் கழுகுக் கண். காலையில் அக்கா தலையை வழக்கத்தைவிட ஒழுங்காக வாரிக்கொண்டு நின்றால், அடுப்படியிலிருந்தே, "என்ன அண்ணி, இன்னைக்கு எது பூத்திருக்கு?" என்பாள். அக்கா பதில் சொல்லாமல் செருப்பைத் தேடுவாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ, சரியான அழுத்தக்காரி என்று தம்பி பெண்டாட்டி அலுத்துக்கொள்வாள்.

அழுத்தக்காரி என்ற பெயர் கண்ணாடி வீட்டில் இன்னொருத்திக்கும் இருந்தது. மலைக்காட்டில் சாய்ந்த ஒரு மரத்தின் உச்சிக்கிளையிலிருந்து எடுத்து வந்த செடி அது. இலைக்குக் கீழே கட்டைவிரல் பருமனுக்குக் குமிழ்கள். தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிற பை அவை. ஒரு குறையும் இல்லாமல் கொழுகொழுவென்று வளர்ந்தது, பூக்க மட்டும் மாட்டேன் என்றது. பூக்காததால் அது எந்த இனம் என்று சொல்ல முடியவில்லை. இதுவரை யாரும் பெயர் வைக்காத இனமாக இருக்கலாம் என்று பூங்காவின் ஆய்வாளர் அம்மாவுக்கு ஒரு சந்தேகம். அதைப்போல இன்னொன்று எந்தப் பூங்காவிலும் கிடையாது. ஆய்வாளர் அம்மா வாரம் ஒருதடவை வந்து எட்டிப் பார்த்து, இன்னும் வாய் திறக்கலையா என்று கேட்டுவிட்டுப் போவார்.

இப்படி இருக்கையில் புதுக் கண்காணிப்பாளர் வந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. பூவின் அடியிலிருந்து நுனிவரை அடுக்கடுக்காகப் படமெடுத்து ஒன்றாகச் சேர்க்கிற கேமரா ஒன்றை வாங்கினார். ஒரே மதியத்தில் வேலை முடிந்துவிடுகிறது, இனி ஓவியத்துக்கு என்ன தேவை என்றார். ஆய்வாளர் அம்மா வாதாடினார். கடைசியில், பெயரில்லாத புது இனம் ஏதாவது பூத்தால் மட்டும் ஓவியரைக் கூப்பிடலாம் என்று முடிவாயிற்று. செய்தியைக் கேட்டுக்கொண்டு அக்கா தண்ணீர்க் குழாயைச் சுருட்டினாள். சேகரிப்பில் பெயரில்லாத செடி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அந்த வருஷம் கண்ணாடி வீட்டில் என்னென்னவோ பூத்தது. ஒவ்வொரு மொட்டு உடையும்போதும் அவள் கை போன் பக்கம் போய்த் திரும்பும். முன்பெல்லாம் செடி பூத்தால் சந்தோஷம். இப்போது பூத்ததைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது. கேமராக்காரப் பையன் வந்து, டக் டக்கென்று எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் போய்விடுவான். அந்த மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு யாரும் உட்காரவில்லை. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி பெண்டாட்டி கிண்டலை நிறுத்திவிட்டாள்.

வெயில் காலத்தில் சில ஆர்க்கிட்டுக்குத் தண்ணீரைக் குறைப்பது உண்டு. காட்டில் மழை நின்றால் செடி கொஞ்சம் வாடும், வாடினால் பூக்க நினைக்கும். அதைத்தான் கண்ணாடி வீட்டிலும் செய்து காட்டுவார்கள். அழுத்தக்காரிக்கும் வருஷா வருஷம் அளவாகக் குறைத்துப் பார்த்திருந்தாள், பலிக்கவில்லை. இந்த வருஷம் அவள் அளவைத் தாண்டினாள். கூடையைக் கூரைக் கண்ணாடிக்கு நேர் கீழே, அனல் அடிக்கிற இடத்தில் தொங்கவிட்டாள். தண்ணீர் நிறுத்தினாள், உரம் நிறுத்தினாள். குமிழில் கோடு விழுந்தது, நிறுத்தியிருக்க வேண்டும். கோடு சுருக்கமாயிற்று, அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். சாகப் போகிறோம் என்று பயந்தால் செடி கடைசி முயற்சியாகப் பூக்கும். அவளுக்கு அது தெரியாதா என்ன? தெரிந்துதான் செய்தாள். அவ்வளவு வருஷம் பிள்ளைபோல வளர்த்ததை, ஒரு மனிதரைக் கண்ணால் பார்ப்பதற்காக, தினமும் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே பட்டினி போட்டாள்.

ஒருநாள் காலையில் சுருங்கிய குமிழின் அடியிலிருந்து ஊசிமுனை மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. இலை இல்லை, பூந்தண்டு. அக்கா ஓடிப்போய்க் குழாயைத் திறந்து, மெல்லிய தூறலாக வைத்து, வேர்களை நனைத்தாள். நனைத்துவிட்டுக் காத்திருந்தாள். வேர் பச்சையாகவில்லை. வெள்ளி நிறமாகவும் இல்லை, பழுப்பாக, நசுக்கினால் உள்ளே ஒன்றுமில்லாமல் இருந்தது. குடிக்க வாயே இல்லாத செடி, குமிழில் மிச்சமிருந்ததை உறிஞ்சித் தண்டை மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

தண்டை அப்போதே கிள்ளி எறிந்திருந்தால் செடி ஒருவேளை தப்பியிருக்கும். தோட்ட வேலை தெரிந்த யாரும் அதைத்தான் செய்வார்கள். அவள் கிள்ளவில்லை. ஆய்வாளர் அம்மா தண்டைப் பார்த்துச் சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினார். மொட்டுகள் வந்தன. முதல் பூ திறந்தது: மஞ்சள் பாரித்த வெள்ளை, உதட்டில் பழுப்புப் புள்ளிகள். அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு அக்கா போனை எடுத்தாள்.

"சார், பூத்திருக்கு."

"எது?"

அழுத்தக்காரி என்றாள். அந்தப் பக்கம் அவர் சிரித்த சத்தம் கேட்டது. வர்றேன் என்றார்.

மறுநாள் வந்தார். ஒரு வருஷத்தில் கொஞ்சம் மெலிந்திருந்தார், மூக்குக்கண்ணாடி மாறியிருந்தது. எதுவும் நடக்காததுபோல மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அக்கா கூடையை இறக்கி அவர் எதிரே வைத்தாள். முதல் நாள் முழுக்கப் பூவை வரைந்தார். அவள் பக்கத்து வரிசையில் இலை துடைத்தாள். அந்த ஒரு நாள் அவளுக்கு என்னவாக இருந்தது என்று சொல்லவேண்டியதில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

இரண்டாம் நாள் அவர் பூவிலிருந்து கீழே இறங்கினார். இலையைக் கோடிழுத்தார். குமிழுக்கு வந்ததும் பென்சில் நின்றது.

"இந்தக் குமிழெல்லாம் சுருங்கிக் கிடக்கே. இந்த இனமே இப்படித்தானா, இல்ல இந்தச் செடி மட்டுமா?"

அவர் எப்போதும் கேட்கிற கேள்விதான். வழக்கமாக அதில் ஒன்றுமில்லை. இந்தத் தடவை இருந்தது. அவர் வரையப்போவது இந்த இனத்தின் முதல் படம். இனி எந்த ஊரில் எவர் இந்தச் செடியைத் தெரிந்துகொள்ள நினைத்தாலும் இதைத்தான் பார்ப்பார்கள். சுருக்கத்தோடு வரைந்தால் இனமே சுருக்கமானது என்றுதான் நினைப்பார்கள். இன்னொரு செடியை யாரும் பார்த்ததில்லை. "இப்படித்தான் சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் முடிந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவர் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி, அவள் சொல்வது எதுவானாலும் அப்படியே வரைந்துவிடப் போகிறவராக, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளால் சொல்ல முடியவில்லை.

"இல்ல சார். இது நான் பண்ணினது."

தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டீர்களா என்று கேட்டார்.

"மறக்கல. வேணும்னே ஊத்தல. பூத்தாத்தான் உங்களைக் கூப்பிடலாம்னு சொல்லிட்டாங்க."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். குனிந்து வேரைப் பார்த்தார், ஒரு வேரை விரலால் நசுக்கிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. தண்டை முதலில் வெட்டுங்கள், டம்ளர் தண்ணீரில் வைத்து மீதியை வரைந்துகொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். அவள் கத்தியைத் தீயில் காட்டி வெட்டினாள். திறக்காத மொட்டு இன்னும் மூன்றோ நாலோ இருந்தது. செடியைக் கூடையிலிருந்து எடுத்து, செத்த வேர்களைக் கத்தரித்து, ஈரப்பாசியில் சுற்றி, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அவர் டம்ளரில் இருந்த பூவை வரைந்தார். மதியமாயிற்று.

"பூ இல்லாதப்பவும் கூப்பிட்டிருக்கலாமே" என்றார் திடீரென்று.

"என்னன்னு சொல்லிக் கூப்பிடறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "நானும் அதையேதான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். "என்னன்னு சொல்லி வர்றதுன்னு."

இரண்டு பேருக்கும் கழுத்துவரை வயது. ஒருத்தருக்கொருத்தர் ஒரு டீ குடிக்கக் கூப்பிடத் தெரியவில்லை. எனக்கு வருகிற கோபத்தை யாரிடம் காட்டுவது?

மூன்றாம் நாள் மதியம் அவர் படத்தைச் சுருட்டினார். பூவும் இலையும் முடிந்திருந்தன. குமிழ் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தாள். பார்க்காததைத் தன்னால் வரைய முடியாது, செடி தேறி உருண்டு திரண்ட பிறகு கூப்பிடுங்கள், வந்து முடித்துத் தருகிறேன் என்றார்.

"தேறலேன்னா?" என்றாள் அக்கா.

நாலு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவர் பையைத் தோளில் மாட்டி, மாட்டியதைச் சரிசெய்து, மறுபடி சரிசெய்து, வாசலுக்கு நடந்தார்.

அக்கா நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். படக்காரரைப் பற்றிச் சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றி மட்டும் சொன்னாள்.  உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்ததை இப்படிச் செய்திருக்கிறாயே என்று அவர் கத்தினார், கத்தியதில் தப்பில்லை. அவளை மண் கலக்கிற கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கே செடியே கிடையாது. மண், மணல், கரித்தூள், சல்லடை. நகக்கண் பச்சை போய்க் கறுப்பாயிற்று. கண்ணாடி வீட்டின் காலைத் தூறலை நினைத்து அவள் ஏங்கிப் போனாள். சாப்பாட்டு நேரத்தில் அதன் வெளிச்சுவர் ஓரமாகப் போய், வேர்த்திருந்த கண்ணாடி வழியாகச் செடி இருந்த பெட்டியைத் தேடுவாள். உள்ளே சரியாகத் தெரியாது.

ஆய்வாளர் அம்மா பூவைக் கெட்டுப்போகாமல் இருக்கச் சாராயப் புட்டியில் போட்டுவைத்து ஆராய்ந்தார். புது இனம்தான் என்று உறுதியாயிற்று. அழுத்தக்காரிக்கு நீளமாக ஒரு பெயர் கிடைத்தது. மழைக்காலம் பாதியில் குமிழ் மெத்தென்று ஆகி, ஒவ்வொன்றாக அழுகியது. செடி போய்விட்டது என்று ஆய்வாளர் அம்மாவே கொட்டகைக்கு வந்து சொன்னார். அக்கா அழவில்லை, சல்லடையைப் பிடித்துக்கொண்டு சலித்தாள். வீட்டுக்குப் போய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தம்பி பெண்டாட்டி கதவைத் தட்டவில்லை. வெளியே வந்ததும் துண்டை நீட்டினாள்.

ஒரு வாரம் போயிற்று. இனி அவளிடம் ஒரு பூவும் இல்லை, பூக்கப் போகிற செடியும் இல்லை. சொல்லிக் கூப்பிட ஒரு காரணம் மிச்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தம்பி வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, போனை எடுத்து, வைத்து, எடுத்து, எண்களை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சார், செடி போயிடுச்சு."

"தெரியும்" என்றார். "அன்னைக்கே ஆய்வாளர் அம்மா போன் பண்ணிச் சொல்லிட்டாங்க."

அவள் சொல்ல வைத்திருந்த ஒன்றே ஒன்றும் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"நீங்க கூப்பிடுவீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார் அவர். "வாரம் பூரா போன் பக்கத்துலதான் இருக்கேன்."

"வாங்க" என்றாள் அக்கா. "ஒண்ணும் இல்ல. சும்மா வாங்க."